முதல் வேலையிலேயே என்பிஎஸ்: பிடித்தது எது, பிடிக்காதது எது

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாத யார் கேட்டாலும் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கு ஒன்றைத் தொடங்கி விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். வரி மிச்சமாகும் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது, அதுதான் முதல் காரணம். பலர் இதைத்தான் அந்தத் திட்டத்தின் பெரிய குறையாகச் சொல்வார்கள். சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். ராஜினாமா கொடுத்த பையன்களும் பெண்களும் கடைசி நாளில் என் மேசைக்கு வந்து முதலில் கேட்பது, "அக்கா, பிஎஃப் எப்போ வரும்?" என்பதைத்தான். புது வேலை கையில் இருக்கும், யுஏஎன் என்ற பிஎஃப் அடையாள எண் அப்படியே தொடரும், இருப்பை அங்கே மாற்றிக்கொள்ள ஆன்லைனில் சில நிமிடம் போதும். ஆனாலும் பணம் எடுப்பதற்கான படிவம் 19, படிவம் 10சி இரண்டையும் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும் என்பதில் குறியாக இருப்பார்கள். பைக் மாற்ற வேண்டும், தங்கை கல்யாணம், கிரெடிட் கார்டு பாக்கி என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும், எல்லாமே உண்மையான காரணங்கள்தான், அதனால் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். நிறுவனமும் அதே 1,800 கட்டும், ஆனால் அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், பிஎஃபில் சேர்வது 550தான். ஆக மாதம் 2,350. மூன்று வருடத்தில் வட்டியோடு ஏறக்குறைய 95,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு, 50,000க்கு மேல் போனால் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இருபத்தைந்து வயதில் இருக்கும் அந்த 95,000ஐத் தொடாமல் விட்டு, சராசரியாக 8 சதவீதம் வட்டி கிடைத்தால், அறுபது வயதில் 14 லட்சம். மேற்கொண்டு ஒரு பைசா போடாமலே 14 லட்சம். மூன்று வருட உழைப்பில் பிடித்த பணம் அந்த அளவுக்கு வளரக்கூடியது என்று அந்த மேசையில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கும், ஓய்வூதியப் பங்களிப்பு என்று. அதற்கு வட்டி ஏறாது, இதை நிறையப் பேர் கவனித்ததே இல்லை. அந்தப் பணம் போவது இபிஎஸ் என்ற ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதில் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் அந்தச் சம்பள உச்சவரம்பு 15,000 என்று ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 35 வருடம் இடைவெளியே இல்லாமல் உழைத்தவருக்கும் மாதம் 7,500, இருபது வருடத்துக்கு மேல் சேவை இருந்தால் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருடத்தைச் சேர்த்தால் 8,000க்குக் கொஞ்சம் குறைவு. அறுபதாயிரம், எழுபதாயிரம் சம்பளம் வாங்கும் பிள்ளைகளின் பே ஸ்லிப்பிலும் பிஎஃப் என்ற இடத்தில் அதே 1,800தான் இருக்கும், ஏனென்றால் உச்சவரம்புக்கு மட்டும் கட்டினால் போதும் என்று பல நிறுவனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. பிஎஃப் பிடிக்கிறார்கள், அதனால் வயதான காலத்துக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை அந்தப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

கால் காசு உத்தியோகம் என்றாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது சம்பளத்தைவிடப் பென்ஷன்தான். தமிழக அரசிலேயே 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் நின்று பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது, மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் என்பிஎஸ். அதைப் பற்றிய போராட்டங்கள் தனிக்கதை. தனியாரில் இருக்கும் நமக்கு யாரும் பென்ஷன் தரப் போவதில்லை, நமக்கு நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு 2009 மே மாதத்திலிருந்து என்பிஎஸ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பதினாறு வருடத்துக்கு மேல் ஆகியும் என் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இதன் பெயரைத் தவிர எதுவும் தெரியவில்லை, அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். பிஎஃப்ஆர்டிஏ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பில் நடக்கிறது. சேர்ந்தால் 12 இலக்கப் பிராண் எண் ஒன்று கிடைக்கும், எத்தனை வேலை மாறினாலும் அதே எண்தான். நீங்கள் போடும் பணத்தை எஸ்பிஐ, எல்ஐசி, யுடிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, கோட்டக் போன்ற ஓய்வூதிய நிதி நிறுவனங்களில் ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த விகிதத்தில் பங்குகள், நிறுவனக் கடன் பத்திரங்கள், அரசுக் கடன் பத்திரங்கள் என்று பிரித்து முதலீடு செய்யும். வட்டி இவ்வளவு என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். டயர் 1, டயர் 2 என்று இரண்டு கணக்குகள் உண்டு. டயர் 1தான் பூட்டு உள்ள ஓய்வூதியக் கணக்கு. டயர் 2க்குப் பூட்டு கிடையாது, நமக்குப் பெரிய வரிச் சலுகையும் கிடையாது. என்னைக் கேட்டால் தொடக்கத்தில் அது வேண்டியதில்லை.

கணக்குத் தொடங்குவது இப்போது சுலபம். ஆதார் எண், ஓடிபி, பான், வங்கிக் கணக்கு, கையெழுத்தின் படம், இவ்வளவுதான். வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பார்கள். முதல் தவணை 500 ரூபாய் இருந்தால் போதும், அப்புறம் வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய். ஆனால் தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு ஒரு சிக்கல் வரும், என்னிடம் வந்தவர்களில் பலரும் நின்றுபோனது இங்கேதான். ஆதாரில் இனிஷியல் முன்னால் ஒற்றை எழுத்தாக இருக்கும். பான் கார்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து பின்னால் போயிருக்கும். வங்கியில் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது, பெயர் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு நிற்கும். அதனால் என்பிஎஸ் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்த மூன்று இடத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எதை மாற்றுவது சுலபமோ அதை மாற்றிக்கொள்ளுங்கள். பிஎஃபிலும் பிற்காலத்தில் இதே தொல்லைதான் வரும், அதனால் இந்த வேலை எப்படியும் வீணாகாது.

வங்கிக் கிளைக்குப் போய்த் தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதற்கு மதிப்பெண் போட மாட்டேன். அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு அவளுக்குச் சம்பளம் வரும் வங்கிக் கிளைக்குப் போனேன், எந்த வங்கி என்று சொல்ல விரும்பவில்லை. என்பிஎஸ் படிவம் கேட்டோம். அங்கிருந்த அதிகாரி மிக மரியாதையாக உட்கார வைத்து, "இதெல்லாம் அறுபது வயசு வரைக்கும் மாட்டிக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பத்து வருடம் கட்டினால் இருபதாவது வருடத்தில் இவ்வளவு வரும் என்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் வண்ணக் காகிதத்தை அவள் முன்னால் நகர்த்தினார். வருடம் ஐம்பதாயிரம் கட்ட வேண்டிய திட்டம், அவளுக்கு மாதச் சம்பளமே முப்பத்திரண்டாயிரம். என்பிஎஸ் விற்றால் கிளைக்குக் கிடைப்பது சொற்பம், காப்பீடு விற்றால் முதல் வருடப் பிரீமியத்தில் நல்ல கமிஷன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் அந்தக் காகிதத்தை நீட்டியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து போனிலேயே கணக்குத் தொடங்கினோம்.

பணம் கட்டும் முறையில் டி-ரெமிட் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிராண் எண்ணுக்கென்று ஒரு மெய்நிகர் வங்கிக் கணக்கு எண் தருவார்கள். அதை நெட் பேங்கிங்கில் பயனாளியாகச் சேர்த்து, சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள் தானாகப் போகிற மாதிரி நிலையான உத்தரவு ஒன்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. காலை ஒன்பதரைக்குள் பணம் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்ஏவிக்கே, அதாவது அன்றைய யூனிட் விலைக்கே, யூனிட் கிடைக்கும். மாதாமாதம் போனை எடுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடமே இருக்கக் கூடாது, யோசித்தால் அந்த மாதம் தவறும், அது மனித இயல்பு.

அடுத்தது முதலீட்டு விகிதம். பலரும் அசிரத்தையாக விட்டுவிடுவது இந்தப் பக்கத்தில்தான், முடிவில் கையில் வரும் தொகையைத் தீர்மானிப்பதும் இதே பக்கம்தான். ஆக்டிவ் சாய்ஸ் என்றால் விகிதத்தை நீங்களே சொல்ல வேண்டும், பங்குகளுக்கு 75 சதவீதம் வரை போகலாம். ஆட்டோ சாய்ஸ் என்றால் வயதுக்கு ஏற்ப அதுவே குறைத்துக்கொண்டு வரும். அதில் எல்சி 75 என்பது 35 வயது வரை 75 சதவீதம் பங்குகளில் வைத்து, 45 வயதில் 35க்கும், 55 வயதில் 15க்கும் இறக்கிவிடும். எதையும் தேர்வு செய்யாமல் அடுத்த பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் எல்சி 50 விழும், அதாவது இருபத்து மூன்று வயதிலும் பாதிப் பணம் கடன் பத்திரங்களில் இருக்கும். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வேண்டிய பணத்துக்கு இவ்வளவு பத்திரம் தேவையில்லை என்பது என் கருத்து. கவனித்துக்கொள்ள ஆர்வம் இருந்தால் ஆக்டிவில் 75, இல்லையென்றால் எல்சி 75. நிதி நிறுவனத்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம், விகிதத்தை வருடத்துக்கு நாலு முறை மாற்றலாம், ஆனால் மாற்ற முடியும் என்பதற்காக மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து தனியார் சந்தாதாரர்களுக்கு நூறு சதவீதமும் பங்குகளில் போடும் புதிய திட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் கட்டணம் கூடுதல், ஓடிய தூரமும் குறைவு, அதனால் நான் இப்போதைக்கு யாருக்கும் சொல்வதில்லை.

கட்டணம்தான் எனக்கு இந்தத் திட்டத்தில் ரொம்பப் பிடித்த விஷயம். வழக்கமான என்பிஎஸ் திட்டங்களில் 2026 மார்ச் வரை பல வருடங்களாக நிர்வாகக் கட்டணம் நூறு ரூபாய்க்கு வருடம் ஒன்பது பைசாவைத் தாண்டியதில்லை. புதிய திட்டங்களில்கூட உச்சம் முப்பது பைசா. தவிர வருடாந்திரப் பராமரிப்புக்குச் சிறு தொகை யூனிட்டாகக் கழியும், பணம் கட்டும்போது கொஞ்சம் போகும். இந்தப் பைசாக் கணக்கு எதற்கு என்று தோன்றினால் இதைப் பாருங்கள்: மாதம் 5,000 ரூபாய், 35 வருடம், 10 சதவீத வளர்ச்சி என்றால் சுமார் 1.9 கோடி. கட்டணமாக ஒரு சதவீதம் போய் 9 சதவீதமே கையில் நின்றால் 1.47 கோடி. நாற்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அந்த ஒரு சதவீதத்தில். மியூச்சுவல் ஃபண்டில் ஏஜென்ட் மூலமாக ரெகுலர் பிளானில் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) போட்டிருப்பவர்கள் தங்கள் கட்டண விகிதத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். சேர்ந்த சில வருடங்களில் வேண்டாம் என்று விலகினால், தொகை சிறியதாக இருந்தாலொழிய, 20 சதவீதம்தான் கையில் வரும், மீதி 80 சதவீதத்துக்கு ஆனுவிட்டி, அதாவது காப்பீட்டு நிறுவனம் தரும் மாத ஓய்வூதியம், வாங்கியாக வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மூன்று வருடத்துக்குப் பிறகு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீடு, கடுமையான நோய் போன்ற காரணங்களுக்கு நீங்கள் போட்ட பணத்தில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். போட்ட பணத்தில்தான், வளர்ச்சியில் இல்லை. இது கெடுபிடியாகத் தெரியும். ஆனால் 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் 42,000 பக்கம் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே போய் நின்றது. எங்கள் அலுவலகத்தில் எஸ்ஐபி போட்டிருந்தவர்கள் பலர் அந்த வாரத்தில் நஷ்டத்துக்கு விற்றார்கள், நிறுத்தினார்கள், சம்பளம் வருமோ வராதோ என்ற பயத்தில் இருந்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. என்பிஎஸ் வைத்திருந்தவர்களும் அதே சிவப்பு எண்களைத்தான் பார்த்தார்கள், ஆனால் விற்க வழியில்லை. அடுத்த ஜனவரியில் சென்செக்ஸ் 50,000ஐத் தொட்டபோது அவர்கள் யூனிட்கள் விற்கப்படாமல் அப்படியே இருந்தன. பயத்திலும் ஆசையிலும் கை வைக்காமல் இருக்கும் மனக்கட்டுப்பாடு இருபத்தைந்து வயதில் எல்லோருக்கும் வந்துவிடாது, திட்டமே அதைச் செய்து கொடுக்கிறது. இதே காரணத்தால், விதிகள் வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே வருவதில் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை.

சீக்கிரம் தொடங்குவதன் கணக்கை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அவர்கள் விட்டுவிடும் பாதியையும் சேர்த்து. 25 வயதில் மாதம் 5,000 போட ஆரம்பித்தால், மேலே சொன்ன மாதிரி, 60 வயதில் 1.9 கோடி. 35 வயதில் ஆரம்பித்தால் 66 லட்சம். போட்ட பணம் 21 லட்சமும் 15 லட்சமும், ஆறு லட்சம்தான் வித்தியாசம், கிடைப்பதில் ஒன்றேகால் கோடி வித்தியாசம். இத்தோடு நிறுத்திக்கொண்டு கோடீஸ்வரர் ஆகலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 35 வருடத்தில் எல்லாமே ஏழரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், அப்போது அந்த 1.9 கோடி இன்றைய 25 லட்சத்துக்குத்தான் சமம். இன்று ஓய்வு பெறும் ஒருவரிடம் 25 லட்சம் மட்டும் இருந்தால் அது எத்தனை வருடம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் 5,000 என்று ஆரம்பித்து 5,000லேயே நிற்கக் கூடாது. சம்பளம் கூடும்போது இதையும் கூட்ட வேண்டும். வருடத்துக்கு 8 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், அதாவது அடுத்த வருடம் 5,400, அதற்கடுத்து 5,800 சொச்சம், அதே 10 சதவீத வளர்ச்சியில் நாலு கோடியைத் தாண்டும். இன்றைய மதிப்பில் அரைக்கோடிக்கு மேல். இன்கிரிமென்ட் கடிதம் கையில் கிடைக்கும் அன்றே நெட் பேங்கிங்கில் அந்த உத்தரவை மாற்றிவிடுங்கள், அடுத்த மாதம் என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு இஎம்ஐ வந்து உட்கார்ந்துவிடும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வரி முறையில் சேமிப்புகளுக்கான ஒன்றரை லட்சக் கழிவுக்கு மேல் கூடுதலாக 50,000 ரூபாய்க்குக் கழிவு உண்டு, என்பிஎஸ் விற்றவர்கள் எல்லோரும் இதைச் சொல்லித்தான் விற்றார்கள். புதிய முறையில் அது கிடையாது, அதோடு 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லாததால் இளவயதினர் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சே தேவைப்படாது. புதிய முறையிலும் மிச்சம் இருப்பது நிறுவனம் கட்டும் பங்கு: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 14 சதவீதம் வரை நிறுவனம் உங்கள் என்பிஎஸ் கணக்கில் போட்டால் அதற்கு வரி இல்லை. 12 லட்சத்தைத் தாண்டிச் சம்பாதிப்பவர்கள் உங்கள் எச்ஆரிடம் கார்ப்பரேட் என்பிஎஸ் இருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இருக்கும் இடங்களிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்டால்தான் படிவம் வரும். நிறுவனத்துக்கு இதில் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, உங்கள் சிடிசியிலிருந்தே (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) பிரித்துப் போடுகிறார்கள், அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி பிடிக்காதது. ஆனுவிட்டி. அறுபது வயதில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதாமாதம் ஓய்வூதியமாக வாங்கிக்கொள்ள வேண்டும். நீண்ட காலம் அந்தக் கட்டாயப் பங்கு 40 சதவீதமாக இருந்தது, 2025 டிசம்பரில் வந்த விதி மாற்றத்தில் அரசு சாராத சந்தாதாரர்களுக்கு அது 20 சதவீதமாகக் குறைந்தது, மொத்தமே 8 லட்சத்துக்குள் இருந்தால் முழுதும் எடுத்துக்கொள்ளலாம். குறைத்தது நல்லதுதான். ஆனால் ஆனுவிட்டி என்ற பொருளே சுமார். பெரும்பாலான வகைகளில் கிடைக்கும் தொகை ஆயுளுக்கும் ஏறவே ஏறாது, அதற்கு உங்கள் வரி விகிதப்படி வரியும் உண்டு. அறுபதில் மாதம் முப்பதாயிரம் என்றால் எண்பதிலும் அதே முப்பதாயிரம், மருந்துக்கடை பில் மட்டும் நாலு மடங்காகியிருக்கும். அசல் தொகை வாரிசுக்குத் திரும்பும் வகையை எடுத்தால் மாத வருமானம் இன்னும் குறையும். வருடங்கள் போகப் போக இந்தப் பகுதியைச் சரிசெய்யாமல் என்பிஎஸை ஒரு முழுமையான ஓய்வூதியத் திட்டம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொரு குறை, உதவி கேட்டுப் போனால் கிடைக்கும் அனுபவம். கணக்கை வைத்திருக்கும் பதிவு நிறுவனம் வேறு, நிதியை நிர்வகிப்பவர் வேறு, பணத்தை வாங்கும் அறங்காவலர் வங்கி வேறு, நீங்கள் சேர்ந்த இடம் வேறு. பணம் போய் யூனிட் ஏறவில்லை என்றால் நால்வரில் யாரைக் கேட்பது என்று கண்டுபிடிப்பதற்குள் நாள் ஓடிவிடும். புகார் எண் தருவார்கள், பதிலும் வரும், ஆனால் பொறுமை வேண்டும். செயலியில் தமிழும் வந்தால் எங்கள் பணிமனை ஊழியர்கள் என்னைத் தேடி வராமல் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் மீறி மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்? பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி நல்லது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது, வரி கிடையாது, பயமே இல்லாத பணம், ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு அது மட்டும் போதாது. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போட்டு, நடுவில் தொடவே மாட்டேன் என்று இருக்கக்கூடியவர்கள் ஆனுவிட்டித் தொல்லை இல்லாமல் இதைவிட நன்றாகவே செய்யலாம், அப்படி இருப்பவர்களை நான் அறிவேன், அவர்களிடம் என்பிஎஸ் கட்டாயம் வேண்டும் என்று வாதாடமாட்டேன். நகைச் சீட்டு நகை வாங்குவதற்கு மட்டுமே. காப்பீட்டோடு சேமிப்பையும் கலந்து விற்கும் எண்டோமென்ட், மணி பேக் பாலிசிகள் ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகாது. அவற்றில் காப்பீடும் பத்தாது, வளர்ச்சியும் பத்தாது. சொந்தக்கார மாமாதான் ஏஜென்ட், மறுக்க முடியவில்லை என்பவர்கள் மாமாவிடம் ஒரு டெர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், உறவும் கெடாது, வீட்டுக்கும் பாதுகாப்பு.

கிரெடிட் கார்டு பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி போகும் இடத்தில் நின்றுகொண்டு ஓய்வூதியம் பேசிப் பயனில்லை. மூன்று நாலு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாதவர்களும் அதைச் சேர்த்துக்கொண்டே வருடத்துக்கு அந்தக் குறைந்தபட்ச 1,000 ரூபாயை மட்டும் போட்டு என்பிஎஸ் கணக்கை உயிரோடு வைத்திருக்கலாம். வருமான வரி கட்டாதவர்களுக்கு, குறிப்பாக நம் அலுவலகங்களில் துப்புரவு, காவல், கேன்டீன் வேலைகளில் இருப்பவர்களுக்கு, அடல் பென்ஷன் யோஜனா பொருத்தம். 18 முதல் 40 வயது வரை சேரலாம். 25 வயதில் சேர்ந்தால் மாதம் 376 ரூபாய்க்கு, 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் என்று அரசு உத்தரவாதம் தருகிறது. கணவர் இறந்தால் மனைவிக்கு, மனைவி இறந்தால் கணவருக்கு அதே ஓய்வூதியம் தொடரும், இருவருக்கும் பிறகு சேர்ந்த தொகை நாமினிக்கு. விலைவாசியோடு ஏறாத 5,000தான், ஆனாலும் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அது பெரிய விஷயம். வங்கிக் கிளையில் கேட்டால் தருவார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உங்களில் யாராவது கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

நாமினி பற்றி ஒன்று. திருமணத்துக்கு முன் அம்மா அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள். பிஎஃபில் கல்யாணம் ஆனதும் அந்தப் பழைய நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். என்பிஎஸிலும் அதே வாரத்தில் உள்ளே போய் மாற்றிவிடுங்கள். கைபேசி எண் மாற்றினாலும் அப்படியே, ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது. பிராண் எண்ணையும் யுஏஎன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்து வையுங்கள், போனுக்குள் மட்டும் இருந்தால் அவர்களுக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது.